அக்கா தலையாட்டிய நாற்பது நாள்

ஜூன் 3, செவ்வாய்

இந்த டைரிக்குத் தோல் அட்டை. ஓரமெல்லாம் தங்க முலாம். இதில் நான் எழுதும் ஒவ்வோர் எழுத்தும் குறைந்தது ஐந்நூறு ஆண்டு நிற்கும். கொடுத்தது, எங்கள் மாவுக் கம்பெனியை வாங்கிய பெங்களூர்க்காரர்கள். ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டதற்கு எனக்கு இந்த டைரி, ஒரு பேனா, நட்சத்திர ஹோட்டலில் பதினான்கு வகை இனிப்போடு மதியச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டைப் பற்றி இப்போது வேண்டாம்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாளைக்குச் சரித்திரம் எழுதுகிறவர்கள் திணறக் கூடாது. பெயர் சென்னியப்பன். வயது நாற்பத்தாறு. மணமாகவில்லை, எனக்கு ஈடான பெண் இன்னும் பிறக்கவில்லை. தெய்வானை இட்லி மாவு என்னும் பேரரசின் முன்னாள் விநியோகத் தளபதி. கோவை கணபதியில் ஒரு லைன் வீட்டில் ஒற்றைக் கிரைண்டரை வைத்துக்கொண்டு என் அக்கா தெய்வானை தொடங்கிய பேரரசு அது. இருபத்திரண்டு வருஷம் அவள் அரைத்தாள். மச்சான் குழந்தைவேலு அரிசியும் உளுந்தும் பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்டார். நான் மொபெட்டில் கடை கடையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். என் மொபெட் ஓடிய தூரத்தை ஒரே கோடாக நீட்டினால் நிலாவுக்குப் போய், அங்கே நாலு கடைக்கு மாவு போட்டுவிட்டுத் திரும்பலாம்.

அதை விற்றாகிவிட்டது. நேற்று ஒயிட்ஸ்டோன் வில்லாஸில் இருபத்தேழாம் நம்பர் மாளிகைக்குக் குடி வந்தோம். மூன்று மாடி. ஏழு கழிப்பறை. ஆட்கள் நாலே பேர். வீட்டுக்குள்ளேயே லிஃப்ட்.

கிரகப்பிரவேசப் பசு மூன்று மாடிக்கும் போயாக வேண்டும் என்றாள் அக்கா. படிக்கட்டு கண்ணாடி, பசு அதைப் பார்த்ததும் பின்னால் நடந்தது. லிஃப்டில் ஏற்றினோம். லிஃப்டுக்குள் மூன்று பக்கமும் முகம் பார்க்கும் கண்ணாடி. அங்கே மூன்று பசுக்களைப் பார்த்ததும் அதற்குப் பிரிந்துபோன குடும்பம் திரும்பக் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. இறங்க மறுத்துவிட்டது. இரண்டரை மணி நேரம் மேலும் கீழும் போய் வந்தது. கடைசியில் நாட்டுச் சர்க்கரையைக் காட்டி இறக்கினோம். அதற்குள் லிஃப்டைத் தன் பங்குக்குப் புனிதமாக்கியிருந்தது.

அக்கா மகள் மிருதுளா, பதினோராம் வகுப்பு, புதுப் பள்ளிக்கூடம், என் காதில் கேட்டாள்: "மாமா, இதை யாரும் வீடியோ எடுக்கலையே?"

ஜூன் 5, வியாழன்

லிஃப்டில் இன்னும் பசுவின் ஞாபகம் வீசுகிறது. படியில்தான் ஏறுகிறோம்.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் ஓட்ஸ். நாலாவது நாளாக. சுவரொட்டி ஒட்டுவதற்காக யாரோ காய்ச்சிய பசையைத் தவறுதலாக மனிதர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

காரணம் மச்சான். பழைய கிரைண்டர் ஸ்டோர் ரூமில் இருக்கிறது. அதன்மேல் போர்வையைப் போர்த்தி, போர்வைமேல் பூந்தொட்டி வைத்திருக்கிறார். கோயிலிலிருந்து கடத்தி வந்த சிலையைக்கூட அவ்வளவு பத்திரமாக ஒளிக்க மாட்டார்கள்.

"மாப்ளை, கையெழுத்துப் போட்ட அன்னிக்கு அந்தக் கோட்டுப் போட்ட ஆளு என்ன சொன்னான்? ஏழு வருசத்துக்கு நாமளோ நம்ம சொந்தமோ மாவு சோலிக்கே போகக் கூடாது. கிரைண்டர் சத்தம் வெளிய கேட்டுதுன்னா வீட்டைப் புடுங்கிட்டு உட்ருவானுங்க. மறுபடியும் லைன் வீடு, ஒரே கக்கூஸு."

"வீட்டுக்கு அரைச்சாலுங்களா மச்சான்?"

"மாவுன்னா மாவுதான்."

இதைச் சொல்லிவிட்டு வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு கோல்ஃப் பழகப் போனார். முதல் நாள் அடித்த அடியில் பந்து இருந்த இடத்திலேயே இருந்ததாம். பெயர்ந்த புல்கட்டி பல்லடத்தில் போய் விழுந்திருக்கும் என்று என் கணிப்பு.

அக்கா பகல் முழுக்க ஒவ்வொரு சோபாவாக மாறி மாறி உட்கார்ந்தாள். எதுவும் ஒத்துவரவில்லை.

ஜூன் 12, வியாழன்

"சென்னி, அந்தப் பாக்கெட்டையாவது வாங்கிட்டு வாடா. நம்ம மாவுதான?" என்றாள் அக்கா.

வில்லாஸ் வாசலிலேயே பெரிய சூப்பர் மார்க்கெட். குளிர் அலமாரியைத் திறந்தால் அக்கா, அக்கா, அக்கா. அடுக்கடுக்காக நாற்பது அக்காக்கள் குளிரில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காந்திபுரம் ஸ்டுடியோவில் நான் கூட்டிப்போய் எடுத்த படம். கிளிப்பச்சைச் சேலை, இரண்டு மூக்குத்தி. கண்ணாடியைக் கழற்றச் சொன்னதால் கேமரா எங்கே என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்துச் சிரித்திருப்பாள். என் மீசைப் படத்தைப் போட்டால் பாக்கெட்டுக்கு ஒரு கம்பீரம் வரும் என்று அப்போதே ஆலோசனை சொன்னேன். ஏற்கப்படவில்லை. போகட்டும்.

வீட்டுக்கு வந்து பிரித்தோம். அக்கா முதலில் மோந்தாள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு மாவை விட்டாள். நன்றாகப் பொங்கின மாவு மேலே மிதக்கும். இது நேராக அடியில் போய் உட்கார்ந்தது. விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்தாள்.

"உளுந்தைப் பாதியாக் குறைச்சுட்டானுங்க. புளிக்கவே உடலை. சோடாவைப் போட்டு அவசரத்துல எழுப்பியிருக்கானுங்க." பாக்கெட்டைத் திருப்பித் தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "இத்தனை சனமும் நான் அரைச்சதுன்னு நெனச்சு இதைத் திங்குது."

அப்புறம் என்னைப் பார்த்தாள். "பத்திரம் எழுதுன அன்னிக்கு நான் ஒரே ஒரு வரி சொல்லி உட்டேனே. கைப்பக்குவத்தை மாத்துனா என் படத்தை எடுத்துப்போடணும்னு. எழுத வெச்சயல்ல?"

"எழுதியாச்சுக்கா."

ஜூன் மாதத்துக் கோவைக் காற்று. ஊரே போர்த்திக்கொண்டு திரிகிறது. எனக்கு மட்டும் வியர்த்தது. உடல்வாகு.

ஜூன் 15, ஞாயிறு

அக்கம்பக்கத்து வில்லாக்காரர்களுக்குக் காலை டிபன். மச்சான் முள்கரண்டி இரண்டு டஜன் வாங்கி, எந்தப் பக்கம் வைப்பது என்று நேற்றெல்லாம் ஒத்திகை பார்த்தார். இட்லிக்கு முள்கரண்டியா என்று அக்கா கேட்டதற்கு, "ஆகாதுன்னா அவிங்களே கையில எடுத்துக்குவாங்க. வெக்காட்டி நம்மளைப் பட்டிக்காடும்பாங்க" என்றார்.

பதினொரு பேர் வந்தார்கள். முதலில் வந்தவர் பதினாலாம் நம்பர் கமலவேணியம்மா. எழுபது வயது, முன்னாள் வக்கீல், வில்லாஸ் சங்கத்தின் செயலாளர். கையில் உறை.

"பசுவை லிஃப்டுல ஏத்தினது பத்தி ஒரு நோட்டீஸ் கொண்டாந்திருக்கேன். முதல்ல டிபன், அப்புறம் நோட்டீஸ்" என்றார். அக்காவைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "தெய்வானை மாவுல, தெய்வானை கையாலயே இட்லி! எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

ஆனால் தட்டில் இருந்தது பாக்கெட் மாவு இட்லி. மச்சானின் சட்டம். அந்த இட்லியைக் கோட்டை மதில்மேல் எறிந்திருந்தால் மதில்தான் விழுந்திருக்கும். முள்கரண்டிக்கு இன்றுதான் வேலை வந்தது, ஒன்று வளைந்தது.

எங்கள் லைன் வீடாக இருந்தால், "என்ன தெய்வானை, கல்லைச் சுட்டு வெச்சிருக்கற?" என்று கத்தியிருப்பார்கள். இவர்கள் பணக்காரர்கள். ஆளுக்கு ஒன்று தின்றுவிட்டு வயிறு நிறைந்துவிட்டது என்றார்கள். ஒருவர் "இன்ட்ரஸ்டிங்" என்றார். அதைக் கேட்டு மச்சான் மகிழ்ந்தார்.

அக்கா சமையலறைக்குள் போய்விட்டாள். பின்னாலேயே கமலவேணியம்மா போனார். பின்னாலேயே, தற்செயலாக, நானும்.

"ஏம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?"

"இது நான் அரைச்சது இல்லீங்க."

"படம் உன்னுதுதானே?"

அக்கா காலிப் பாக்கெட்டைப் படம் அடியில் போகும்படி கவிழ்த்து வைத்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் தன் பாக்கெட்டை மறைத்து நான் பார்த்தது இன்றுதான்.

நோட்டீஸைக் கொடுக்காமலே போய்விட்டார் அந்தம்மா.

ஜூன் 16, திங்கள்

கம்பெனியை விற்ற பத்திரத்தைக் கமலவேணியம்மாவிடம் காட்ட வேண்டும் என்கிறாள் அக்கா. அறுபத்து நாலு பக்கம், அத்தனையும் இங்கிலீஷ், பீரோ லாக்கரில் இருக்கிறது. லாக்கர் சாவி எங்கே என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். உண்மைதான். என் தலையணைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நான் எப்போதும் பார்ப்பதில்லை.

ஜூன் 17, செவ்வாய்

எல்லோரும் சாவி தேடுகிறார்கள். எல்லோரையும்விட மும்முரமாக நான் தேடுகிறேன்.

ஜூன் 19, வியாழன்

இந்த வீட்டில் தரை பெருக்குவதற்கு வட்டமாக ஒரு ரோபோ இருக்கிறது. ஆமை மாதிரி ஊரும். சுவரில் முட்டும், யோசிக்கும், திரும்பும். மச்சானைவிடக் கொஞ்சம் புத்திசாலி. இன்று அது என் அறைக் கட்டிலுக்கு அடியிலிருந்து லாக்கர் சாவியைத் தள்ளிக்கொண்டு ஹாலுக்கு வந்து, அக்கா காலடியில் வைத்துவிட்டு நின்றது. துரோகி.

பதினோரு மணிக்குக் கமலவேணியம்மா வந்து பத்திரத்தைப் பிரித்தார். ஒவ்வொரு பக்கமாக, எச்சில் தொட்டு.

"மாவு விக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. வீட்டுக்கு அரைச்சுச் சாப்பிடறதுக்கு ஒரு தடையும் இல்லை."

மச்சான் சோபாவிலிருந்து மெல்லச் சரிந்தார். பதினைந்து நாள் ஓட்ஸுக்கும் ரொட்டிக்கும் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"பேரும் படமும் என்னைக்கும் கம்பெனிக்குத்தான். அப்புறம், அவங்க மாவைப் பத்தி நீங்க குறையாப் பேசவோ எழுதவோ கூடாது."

"படத்தை எடுக்கறது பத்தி ஒரு வரி இருக்குமுங்க. பாருங்க" என்றாள் அக்கா.

அந்தம்மா முன்னாலிருந்து பின்னால் புரட்டினார். பின்னாலிருந்து முன்னால் புரட்டினார். "அப்படி ஒண்ணும் இல்லையேம்மா. யாரை எழுதச் சொன்னே?"

"இவன்கிட்டச் சொல்லி உட்டேனுங்க. நான் புடவைக்கு ஊசி குத்தப் போயிருந்த நேரம்."

ஹாலில் தொங்கும் சரவிளக்கில் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பளிங்குத் துண்டுகள் இருக்கின்றன. இதுவரை யாரும் எண்ணவில்லை. நான் எண்ணினேன்.

"பதினாலு வகையாடா இருந்துது?" அக்கா சத்தமே இல்லாமல் கேட்டாள்.

"ஐஸ்கிரீமைச் சேத்துனா பதினஞ்சுக்கா."

சாப்பாடு ஆறிவிடும் என்று அந்தக் கோட்டுக்காரர் மூன்று தடவை கூப்பிட்டார். வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று போனேன். வந்தபோது எல்லோரும் கையெழுத்துப் போட்டு முடித்துக் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள்; சாட்சிக் கையெழுத்து மட்டும் எனக்காகக் காத்திருந்தது. இதை நியாயமாகச் சொல்வதென்றால் ஒரு காவியம் எழுத வேண்டும்; இங்கே இடமில்லை.

அக்கா திட்டவில்லை. எழுந்து ஸ்டோர் ரூமுக்குப் போனாள். பூந்தொட்டியை இறக்கினாள், போர்வையை விலக்கினாள், கிரைண்டர் கல்லைப் பார்த்தாள். இட்லி வந்துவிட்டது என்று என் வயிறு எழுந்து நின்றது. அவள் போர்வையை மறுபடியும் போர்த்தினாள்.

"என் மூஞ்சி அந்தப் பாக்கெட்டுல இருக்கற வரைக்கும் இந்தக் கல்லை நான் தொட மாட்டேன். இந்த வீட்டுல ஒருத்தருக்கும் இட்லி இல்லை."

திரும்பி வந்து கமலவேணியம்மா எதிரில் உட்கார்ந்தாள்.

"வாயைத் தொறந்து குறை பேசக் கூடாது. எழுதக் கூடாது. அவ்வளவுதானுங்களே?"

"அவ்வளவுதான்."

"தலையாட்டுனா?"

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு, "தலையைப் பத்தி இந்த அறுபத்து நாலு பக்கத்துல ஒரு வார்த்தை இல்லை" என்றார்.

ஜூன் 20, வெள்ளி

அக்கா என்னோடு பேசவில்லை. காபி மெஷின்தான் கொடுத்தது. அதுகூடத் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னது.

ஜூன் 23, திங்கள்

முதல் நாள்.

காலை பத்து மணி. அக்கா படத்தில் இருக்கிற அதே கிளிப்பச்சைச் சேலை, அதே இரண்டு மூக்குத்தி, நெற்றியில் அதே அளவு குங்குமம். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினாள். என்னைக் கூப்பிடவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு பத்தடி பின்னால் நானாகவே போனேன்.

குளிர் அலமாரி முன்னால் நின்றாள். ஒரு பாக்கெட்டை எடுத்தாள். கட்டைவிரலால் அமுக்கினாள். மூக்கருகே கொண்டு போனாள். பாக்கெட்டை நேரே பிடித்து, அதிலிருக்கும் தெய்வானையை இந்தத் தெய்வானை பார்த்தாள். பிறகு மெதுவாக, இடமிருந்து வலம், வலமிருந்து இடம், தலையை ஆட்டினாள். பாக்கெட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

பக்கத்தில் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண், கையில் எடுத்த பாக்கெட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். படத்தைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது நீங்கதானுங்களே?"

ஆமாம் என்று தலையசைத்தாள் அக்கா.

"நல்லா இருக்குமுங்களா?"

அக்கா அவளைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த பாக்கெட்டை எடுத்து மோந்தாள். அந்தப் பெண் பாக்கெட்டை உள்ளே வைத்துவிட்டுச் சேமியா வாங்கிக்கொண்டு போனாள்.

எத்தனையோ படையெடுப்புகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு குளிர் அலமாரிக்கு எதிராகக் கழுத்தால் மட்டும் நடத்தப்பட்ட போர் இதுவே முதல்.

ஜூன் 24, செவ்வாய்

காலை இரண்டு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம். பதினாறு பேர் பாக்கெட்டைத் திருப்பி வைத்தார்கள். அக்கா என்னோடு பேசவில்லை.

ஜூன் 28, சனி

இன்று ஒரு விபத்து. கண்ணாடி போடாததால் பக்கத்து அலமாரி முன்னால் நின்று அரை மணி நேரம் பன்னீரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டாள். ஒரு பாவமும் அறியாத பன்னீர் இன்று விற்கவே இல்லை.

நான்தான் முழங்கையைப் பிடித்து இரண்டடி இடதுபக்கம் நகர்த்தினேன். பேசவில்லை. ஆனால் கையை உதறவும் இல்லை. குறித்துக்கொள்கிறேன்.

ஜூலை 3, வியாழன்

யாரோ வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். மிருதுளா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை எறிந்தாள். லிஃப்டில் பசு ஏறியதை யாரும் எடுக்கவில்லை. அம்மா தலையாட்டுவதை ஊரே பார்த்துவிட்டது.

"எல்லாரும் என்னைப் பாத்துத் தலையாட்டறாங்கம்மா. போதும், விட்டுரு. பணக்காரங்க யாரும் இப்படிப் பண்ண மாட்டாங்க."

"பணக்காரங்க என்ன கண்ணு பண்ணுவாங்க?"

மிருதுளா யோசித்தாள். "சும்மா இருப்பாங்க."

"எனக்கு அது ஒண்ணுதான் வரமாட்டீங்குது சாமி. நீ பொறந்த ஏழாம் நாளே நான் மறுபடி அரைக்க உக்காந்தேன். அரிசியைக் களைஞ்சு களைஞ்சு என் கைரேகையே போயிருச்சு. பத்திரத்துல கையெழுத்துப் போட்ட அன்னிக்கு விரலை வெக்கச் சொன்னானுங்க. மெஷினுல விழுகலை. நாலு விரலையும் மாத்தி மாத்தி வெச்சும் விழுகலை. இந்த மூஞ்சி ஒண்ணுதான் நான்னு காட்டறதுக்கு இருக்குது. அதுல போயி சோடாவைப் போடறானுங்க."

மிருதுளா எறிந்த பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். லிஃப்டில் போனாள். கோபம் இருந்திருந்தால் படியில் தடதடவென்று ஏறியிருப்பாள்.

ஓட்ஸ். ஐம்பது பிறவிக்குப் போதுமான ஓட்ஸ்.

ஜூலை 9, புதன்

கம்பெனியிலிருந்து கடிதம். அக்கா அவர்கள் வியாபாரத்தைக் கெடுக்கிறாளாம். உடனே நிறுத்த வேண்டுமாம்.

மச்சான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஏழு கழிப்பறையையும் ஒருமுறை சுற்றி வந்தார், கடைசியாகப் பார்க்கிறவர்போல. "தெய்வா, எனக்காகவாச்சும் உட்ரு. வயசான காலத்துல மறுபடி லைன் வீட்டுக்குப் போக என்னால முடியாது."

"நீங்க உக்காந்து கோல்ஃப் ஆடுங்க" என்றாள் அக்கா.

கமலவேணியம்மா பதில் எழுதினார். எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார்: 'என் கட்சிக்காரர் கடைக்குப் போனார். ஒரு பொருளைப் பார்த்தார். பிடிக்கவில்லை. வாங்கவில்லை. அவர் எதுவும் பேசவில்லை, எழுதவில்லை. இது குற்றம் என்றால் எந்தச் சட்டத்தில் என்று தெரிவிக்கவும்.' நாற்பது வருஷமாகக் கோட்டுப் போட்டு வாதாடியபோது கிடைக்காத சந்தோஷம் இந்த நாலு வரியில் கிடைத்தது என்றார்.

ஜூலை 12, சனி

இருபதாம் நாள். அலமாரி முன்னால் அக்கா. பத்தடி தள்ளி நான். திடீரென்று வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைத் தொப்பி, ஒரு கையில் மட்டும் கையுறையோடு மச்சான் உள்ளே வந்தார். முகம் வெளுத்திருந்தது. அக்காவை இழுத்துக்கொண்டு போக வந்துவிட்டார் என்று கூடையை மார்போடு அணைத்தேன்.

அவர் நேராக அலமாரிக்குப் போனார். ஒரு பாக்கெட்டை எடுத்தார். கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் அமுக்கினார்.

"உளுந்து வாங்கறதுக்கு விருதுநகர் வரைக்கும் போவேன்டா மாப்ளை" என்று என்னிடம், அலமாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒவ்வொரு மூட்டையிலும் கையை உட்டுப் பாத்துத்தான் வாங்குவேன்."

தலையாட்டினார். பாக்கெட்டை வைத்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு கோல்ஃபுக்குப் போய்விட்டார். அக்கா அவர் போன திசையைப் பார்த்தபடி நின்றாள். கண்ணாடி இல்லாததால் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள் என்று எழுதுகிறேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. ஊரில் எல்லா வீட்டிலும் பலகாரம். எங்கள் வீட்டில் ரொட்டி. கடையில் எங்கள் பாக்கெட்டை அடுக்குவதை நாலு அடுக்கிலிருந்து ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள்.

ஜூலை 21, திங்கள்

கம்பெனி இறங்கி வந்துவிட்டது. மேனேஜர் ஒருவர், பெயர் நிகில், பெங்களூரிலிருந்து காரில் வந்தார். பெரிய பழக்கூடை கொண்டுவந்தார். அதில் இருந்த பழங்களுக்கு எங்கள் யாருக்கும் பெயர் தெரியவில்லை.

"மேடம், வாழ்நாள் முழுக்க உங்க வீட்டுக்கு மாவு இலவசம்" என்றார்.

அக்கா தலையாட்டினாள். பழக்கமாகிவிட்டது.

"அப்ப என்ன வேணும் மேடம்?"

"ரெண்டே வழிதானுங்க தம்பி. உளுந்தைப் பழையபடி போட்டு, ராத்திரி பூரா புளிக்க உடுங்க. இல்லாட்டி என் மூஞ்சியை எடுத்துப்போடுங்க. ரெண்டுல எது ஆனாலும் நாளைக்கே நான் கடைக்கு வரதை நிறுத்திக்கறேன்."

அவர் எழுந்து தோட்டத்துக்குப் போய், முக்கால் மணி நேரம் போனில் யார் யாரிடமோ பேசினார். திரும்பி வந்து, "படத்தை எடுத்துடறோம் மேடம். புதுப் பாக்கெட் வர ரெண்டு வாரம் ஆகும்" என்றார்.

மச்சான் கை தட்டினார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்த கமலவேணியம்மா நாற்காலிக் கையில் தட்டினார். அக்கா மட்டும் பழக்கூடையை அவர் பக்கமே நகர்த்தி வைத்தாள். பிறகு சிரித்தாள்.

"உளுந்து எத்தனை கைப்பிடி எச்சாப் போடணும்? அதைவிட என் மூஞ்சியை எடுக்கறது சல்லிசாப் போச்சாக்கும்."

மேனேஜருக்கு அந்தத் தமிழ் புரியவில்லை. நல்லது.

"புதுப் பாக்கெட்டு வர வரைக்கும் நான் கடைக்கு வருவேனுங்க" என்றாள் அக்கா, அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டு.

ஜூலை 22, செவ்வாய்

மேனேஜர் நிகில் என் போனுக்கு அழைத்தார். நான் தோட்டத்தில் இருந்தேன்.

பாக்கெட்டில் ஒரு முகம் இருந்தால்தான் ஜனங்களுக்கு நம்பிக்கையாம். குடும்பத்தில் ஒருவராக இருந்தால் ரொம்ப நல்லதாம். நேற்று என்னைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லையாம். "உங்க மீசை ரொம்ப ஆத்தென்ட்டிக் சார். தமிழ்நாடு, கர்நாடகா, கேரளா, மூணு ஸ்டேட்லயும் உங்க முகம்."

மூன்று மாநிலம். சேர சோழ பாண்டியர் மூவரும் சேர்ந்தாலும் இத்தனை சமையலறைக்குள் போயிருக்க மாட்டார்கள்.

என்னுடைய இடது பக்க மீசை படத்தில் சரியாக விழாது, வேறு முகம் பாருங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

திரும்பினால் அக்கா துணி காயப்போடும் கொடியருகே நின்றுகொண்டிருந்தாள். இந்த வீட்டில் துணி காயவைக்க மெஷின் இருக்கிறது. அங்கே எதற்கு வந்தாள் என்று தெரியவில்லை. கேட்க முடியாது; எங்களுக்குள் பேச்சு இல்லை.

ஜூலை 29, செவ்வாய்

மழை. குடை பிடித்துக்கொண்டு போனோம். ஒரே குடை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நாற்பதாம் நாள்.

அலமாரியில் புதுப் பாக்கெட். அக்கா இடுப்பிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஒன்றைக் கையில் எடுத்தாள். முன்பக்கம் ஆவி பறக்கும் இட்லிப் படம். பின்பக்கம் எழுத்து. பேர் மட்டும் அப்படியே இருக்கிறது, தெய்வானை. முகம் இல்லை. அடுக்கில் எந்தப் பாக்கெட்டிலும் இல்லை. கடைசிவரை கையை விட்டுப் பார்த்தாள்.

"ஊருல எத்தனையோ தெய்வானை இருக்கறாளுக. எவளோ ஒருத்தி" என்றாள், யாரிடம் என்று இல்லாமல். பாக்கெட்டை வைத்தாள். தலையாட்டவில்லை.

திரும்பும் வழியில் இட்லி அரிசி வாங்கினாள். உளுந்தைப் பத்து நிமிஷம் கையில் அள்ளி அள்ளிப் பார்த்து வாங்கினாள். வெந்தயம் வாங்கினாள். கூடை நிறைந்து கனத்தது. என் வாழ்நாளில் இவ்வளவு இனிமையான கனத்தை நான் சுமந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் போர்வையை இழுத்து எறிந்தாள். பூந்தொட்டி உடைந்தது. அந்த ரோபோ ஓடி வந்து மண்ணைத் தின்ன ஆரம்பித்தது.

"சென்னி."

நாற்பத்து மூன்று நாளுக்குப் பிறகு.

"சொல்லுக்கா."

"கல்லைத் தேய்ச்சுக் கழுவு. குழவிக்கல்லு இடுக்கெல்லாம் பழைய மாவு காஞ்சு கெடக்குது."

தேய்த்தேன். நாலு முறை தேய்த்தேன். நாளைக்கு அந்தக் கல்லில் முகம் பார்த்து மீசை திருத்தலாம்.

அவள் அரிசியைக் களைந்துகொண்டே, திரும்பாமல் சொன்னாள். "உன் மீசை அந்தப் பாக்கெட்டுக்குப் பெருசுடா. அடங்காது."

அன்று கொடியருகே நின்றவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு.

நேற்று அரைத்தாள். கிரைண்டர் சத்தம் வில்லாஸ் முழுக்கக் கேட்டது. மச்சான் ஜன்னலைத் திறந்து வைத்தார். காலையில் பாத்திரத்தை மூடின தட்டையே மாவு தூக்கி நிறுத்தியிருந்தது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டாள். மிதந்தது.

கமலவேணியம்மா மறுபடி அந்தப் பசு நோட்டீஸோடு வந்தார். முதல்ல டிபன் என்றார். ஏழு இட்லி சாப்பிட்டுவிட்டு, கை கழுவி, வீட்டுக்கு நாலைந்து இட்லியைத் தூக்குப் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போனார். நோட்டீஸ் இலைக்கு அடியில் ஈரமாகிக் கிடந்தது. பெருக்கும் ரோபோ அதை விழுங்கிவிட்டது. நல்ல பிள்ளை.

மிருதுளா நாலு, கையால் எடுத்து. மச்சான் ஒன்பது. முள்கரண்டிகளை ஸ்டோர் ரூமில் அதே போர்வைக்கு அடியில் வைத்துவிட்டார்.

நான் பதினொன்று. உண்மையாகவே பதினொன்று, இதில் மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை. பன்னிரண்டாவதை வைக்க வந்தாள் அக்கா. வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"உன் தலையாட்டலை எவன்டா நம்புவான்" என்று வைத்துவிட்டுப் போனாள்.